நாலு பாகம்

“இந்த மரத்தைக் கொஞ்சம் நீட்டணும்மா. முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு.”

கேட்டுவிட்டு இஞ்ஞாசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

மரம் என்று அவர் சொன்னது மரமே இல்லை. அலுமினியக் குழாய். பாய் கட்டி ஓடும் படகின் நடுவில் நிமிர்ந்து நிற்கிற கம்பம். எதனால் செய்தாலும் கடற்கரையில் அதற்குப் பெயர் மரம்தான். லோடு ஆட்டோவில் போட்டு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி கட்டி, தூத்துக்குடியின் பாதித் தெருக்களைச் சுற்றி அதைக் கொண்டுவந்திருந்தார்.

கித்தேரி ஒரு டீசல் டேங்குக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தை மூடியிருந்த கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளினாள்.

“இப்ப எவ்வளவு நீளம் இருக்கு?”

“நாலு பாகம்.”

“யாரு பாகம்?”

“இதென்ன கேள்வி? பாகம்னா பாகம்தான்.”

கித்தேரி கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடனுக்கு ஐம்பத்தொன்பது. துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள பட்டறைகளில் அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் என்றால் கித்தேரிதான். அவளிடம் போனால் வேலை நடக்கும், பேச்சு நடக்காது. கவசம் மேலே இருந்தால் கேட்கலாம். கீழே வந்துவிட்டால் அன்றைய தரிசனம் முடிந்தது.

இஞ்ஞாசிக்கு இது தெரியாது. கவசத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்.

“ரெண்டடி எட்டங்குலம் நீட்டினா போதும். டேப் வச்சு அளந்துட்டேன்.”

பொறி பறந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

பாகம் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைகளையும் அகல விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை ஒரு பாகம். கடலின் ஆழத்துக்கும் கயிற்றுக்கும் வலைக்கும் அதுதான் அளவு. இஞ்ஞாசி முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆனாலும் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர். சட்டைப் பையில் டேப் இருந்தாலும் முதலில் கையைத்தான் விரிப்பார்.

ஆள் குட்டை. ஆனால் கிரேன் கூண்டில் உட்கார்ந்து முப்பது வருடம் ஊரைக் குனிந்து பார்த்தே பழகிவிட்டதால் அந்த விஷயம் அவருக்கு அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை.

*

மறுநாளும் வந்தார். கவசம் மேலே இருந்தது.

“ஏன் நீட்டணும்?” என்று கித்தேரி கேட்டாள்.

“பாய் நீளமா இருக்கு, மரம் குட்டையா இருக்கு.”

“பாயை வெட்டுங்க. தையக்காரர் அரை மணி நேரத்துல முடிச்சிருவாரு.”

“வெட்ட மாட்டேன்.”

“ஏன்?”

இஞ்ஞாசி அங்கே கிடந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் ஒரு சின்ன பாய்ப்படகு வாங்கினார். ஊரைவிட்டுப் போன ஒரு கப்பல் என்ஜினியர் விட்டுவிட்டுப் போனது. படகு நன்றாக இருந்தது, மரம் நன்றாக இருந்தது, பாய் மட்டும் கந்தல். புதுப் பாயை வீட்டிலேயே தைத்துவிடலாம் என்றாள் அவர் மனைவி பிலோமி. அவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. உப்பளத்தில் உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயை ஒரு கடைக்காக முப்பது வருடம் தைத்தவள்.

“அளவு நான்தான் சொன்னேன். மரத்தோட அடிக் கொக்கியில இருந்து உச்சிக் கப்பி வரைக்கும் நாலு பாகம்னு. எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை கேக்குற பழக்கம் அவளுக்கு. அப்படிக் கேட்டும் தப்பாத் தச்சுட்டா.”

“எவ்வளவு தப்பு?”

“அதான் சொன்னேனே. ரெண்டடி எட்டங்குலம் கூட. பாயை ஏத்தினா பாதி படகுல விழுந்து கிடக்கு, சேலை கட்டத் தெரியாத பிள்ளை கட்டின மாதிரி. கரையில அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க.”

“நீங்க?”



“ஏசிட்டேன். முப்பது வருசம் தச்சும் உனக்கு ஒரு அளவு தெரியலையான்னு. எல்லாரும் இருக்கும்போதே ஏசிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. பாயை மடிச்சு எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் ஒரு நாள், வெட்டித் தந்திரட்டுமான்னு கேட்டா. கிடக்கட்டும் போன்னுட்டேன்.”

மூன்று மாதத்தில் பிலோமி காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

“வர்ற பத்தொன்பதாம் தேதி வருசம் திரும்புது. அன்னைக்கு அவ தச்ச பாயைக் கட்டி முயல் தீவு வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வரணும். வெட்டாம. அவ தச்சபடியே.” டப்பாவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பாவம், தப்பாத் தச்சுட்டா. சரி, போகட்டும். மரத்தை நான் நீட்டிக்கிட்டா அவ தச்சது சரின்னு ஆயிரும்ல?”

கித்தேரி அவரைப் பார்த்தாள். அவருக்கு மனைவிமேல் இருந்த பாசத்தில் பொய் இல்லை. மன்னித்துவிட்டோம் என்கிற நிறைவும் அந்த முகத்தில் இருந்தது.

“நீங்களே செய்ங்க அண்ணாச்சி” என்றாள். “நான் செஞ்சா அது பட்டறை வேலை. நீங்க செஞ்சாத்தான் நீங்க சொல்லுத வேலை.”

“எனக்கு வெல்டிங் தெரியாதேம்மா.”

கவசம் இறங்கிவிட்டது.

*

அடுத்த நாள் அவர் கேட்டது இது.

“சரி, நானே செய்யுதேன். ஒட்டுற வேலையை மட்டும் நீ பண்ணித் தா. சுத்தி ஒரு வெல்டிங். அவ்வளவுதானே?”

கித்தேரி எழுந்தாள். மூலையில் கிடந்த இரண்டு அலுமினியப் பட்டைகளை எடுத்தாள். நுனியோடு நுனி சேர்த்து ஒட்டினாள். முத்து கோத்ததுபோல் அழகான வெல்டிங். ஆறியதும் அவரிடம் நீட்டினாள்.

“வளைங்க.”

முழங்காலில் வைத்து அழுத்தினார். ஒட்டின இடம் அப்படியே நின்றது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, பட்டை மெழுகுபோல் மடங்கியது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் நிக்குது” என்றார் மெதுவாக. “பக்கத்துல துணி போயிருச்சு.”

“சூடு பட்ட எடம் இளகிரும்” என்றாள் கித்தேரி. “வெளியில இருந்து சூடு வச்சு ஒட்டினா அப்படித்தான்.”

“வெல்டிங் பண்ணுதவளே வெல்டிங் வேண்டாங்குதியே. அப்ப வேற என்ன வழி?”

அவள் மரத்துக்குப் பக்கத்தில் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். மணிபோல் ஓசை வந்தது.

“என்னம்மா அர்த்தம்?”

இன்னும் இரண்டு தட்டு. பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இஞ்ஞாசி தனியாக நின்று தானும் தட்டிப் பார்த்தார். ஓசை நன்றாக இருந்தது. விஷயம் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளைக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

பாதி வழியில் தெருவிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே காலி!

*

பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தார். முதலில் அவர் மரத்தின் அதே பருமனில் ஆறடிக் குழாய் ஒன்று கிடைத்தது. நீட்ட வேண்டிய பகுதி அது. பிறகு அதற்குள்ளே இறுக்கமாக நுழையக்கூடிய சின்னக் குழாய் ஒன்று. மரத்துக்குள் பாதி, புதுத் துண்டுக்குள் பாதி என்று இந்தச் சின்னக் குழாய் போய்விட்டால் இரண்டையும் உள்ளிருந்தே பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் ரிவெட் அடித்தால் போதும்.

சின்னக் குழாயில் ஒரு சாண் துண்டு அறுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“அந்தப் பக்கம் அரைச் சாண், இந்தப் பக்கம் அரைச் சாண். எப்படி?”

கித்தேரி ஒரு கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நுனியில பிடிங்க. அரைச் சாண் அளவுக்கு மட்டும். படுக்கையா நீட்டிப் பிடிங்க.”

பிடித்தார். மறுமுனை தொபுக்கென்று தரையில் இடித்தது.

“இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிங்க.”

கடப்பாரையைக் கக்கத்துக்குள் செருகி, முழங்கையால் அணைத்துப் பிடித்தார். இப்போது அது அசையாமல் நின்றது.

“வெளிய தெரியுத நீளத்துக்கு ஏத்த மாதிரி உள்ளயும் வேணுமாக்கும்” என்றார்.

அவள் டேங்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு சாண் துண்டு பழைய இரும்போடு போனது. அந்தப் பக்கம் ஒரு முழம், இந்தப் பக்கம் ஒரு முழம் வருகிற மாதிரி புதுசாக அறுத்தார்.

*

“போக மாட்டேங்குது! பாதியில நிக்குது! இந்தக் கடைக்காரன் சரியான குழாய் கொடுக்கல!”

அடுத்த புகார் இது. சின்னக் குழாயை மரத்துக்குள் செருகி, மரச்சுத்தியால் அடி அடியென்று அடித்திருந்தார். விரல் நீளம்கூட உள்ளே போகவில்லை. ஓரம் நசுங்கத் தொடங்கியிருந்தது. கை இரண்டும் சிவந்திருந்தது.

“அடிக்காதீங்க” என்றாள் கித்தேரி. குழாயைத் திருகித் திருகி மெதுவாக வெளியே எடுத்தாள். நசுங்கின ஓரத்தை அரத்தால் தேய்த்து வட்டமாக்கினாள்.

“பின்ன எப்படி உள்ள தள்ளுதது?”

“அது போகும். நாமதான் எடம் கொடுக்கணும்.”

“எங்க இருந்து கொடுக்க? உள்ள இருக்கிறதே அவ்வளவுதான்!”

அவள் வாசலைக் காட்டினாள். சித்திரை வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. பிறகு எதிர்ப்பக்கம் காட்டினாள். அங்கே மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற கம்பெனி.

இஞ்ஞாசி இந்தத் தடவை வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. அவருக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது. மரத்தின் அடிப்பக்கத்தை வெயிலில் இழுத்துப் போட்டார். சின்னக் குழாயை ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய், சாளை மீன் பெட்டிக்கு உடைத்து வைத்திருந்த ஐஸில் புதைத்தார். ஐஸ்காரர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் கழிந்தது. மரம் தொட முடியாமல் சுட்டது. குழாய் தொட முடியாமல் குளிர்ந்தது. சாக்கால் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தார்.

சொல்பேச்சு கேட்கிற பிள்ளைபோல் குழாய் உள்ளே போனது. கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் நிறுத்தினார். சூடும் குளிரும் சமமானதும் அப்படி இறுகிக்கொண்டது, யானை கட்டி இழுத்தாலும் வராது. பாதிக் குழாய் மரத்துக்குள். பாதி வெளியே, புதுத் துண்டுக்காகக் காத்துக்கொண்டு.

“போயிருச்சு! கித்தேரி, போயிருச்சும்மா!”

அவர் குதித்ததைப் பார்த்து ஐஸ்காரரே சிரித்துவிட்டார். கித்தேரியின் உதடும் கொஞ்சம் அசைந்ததாகப் பிற்பாடு இஞ்ஞாசி சொன்னார். நான் அதற்குச் சாட்சி இல்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மரத்தின் எந்த நுனியில் சேர்ப்பது என்பதிலும் ஒரு சண்டை நடந்தது. உயரமாக்குவதென்றால் உச்சியில்தான் சேர்க்க வேண்டும் என்று இஞ்ஞாசி உச்சிப் பக்கத்தில்தான் கோடு போட்டு வைத்திருந்தார். மறுநாள் வந்து பார்த்தால் கித்தேரி மரத்தைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

“தலைகீழாக் கிடக்கேம்மா.”

“உச்சியில என்னென்ன இருக்கு?”

“கப்பி இருக்கு. மரத்தை நிமித்திப் பிடிக்கிற இழுகம்பி மூணு கட்டியிருக்கு. வளையம் இருக்கு.”

“அடியில?”

“ஒண்ணுமில்ல. கொக்கியைக் கழட்டிட்டா சும்மா குழாய்தான்.”

அவள் அடிப்பக்கத்தை விரலால் தட்டினாள். அவரே தலையில் அடித்துக்கொண்டு அடியில் கோடு போட்டார். முப்பது வருடம் உயரத்திலேயே உட்கார்ந்திருந்தவருக்குக் கீழே ஒரு பக்கம் உண்டு என்பது சட்டென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

*

பத்தொன்பதாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

மீதி ஒரே ஒரு வேலை. ஆறடிப் புதுத் துண்டை அளவாக அறுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குழாயின்மேல் ஏற்றி, ரிவெட் அடிக்க வேண்டும். இஞ்ஞாசி ரம்பத்தோடு வந்தார். துண்டின்மேல் பென்சிலால் கோடு போட்டார்.

“ரெண்டடி எட்டங்குலம். அறுத்துரட்டுமா?”

“பாயைக் கொண்டாங்க” என்றாள் கித்தேரி.

“பாய் எதுக்கு? அளவுதான் எனக்கு மனப்பாடமா இருக்கே.”

“பாயைப் பாக்காமலா மரம் அறுப்பிய?”

அவர் தயங்கினார்.

“அதை நான் அவ போனதுக்கு அப்புறம் தொடலைம்மா.”

“சரி.”

“சரின்னா?”

“ரம்பத்தைக் கீழ வைங்க.”

வீட்டுக்குப் போனார். அன்று வீட்டுக்கு வந்ததும் பாயை அவர் கோபத்தில் பரண்மேல் எறிந்தது ஞாபகம் இருந்தது. பரணில் இல்லை. வீடெல்லாம் தேடினார். கடைசியில் பிலோமியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. கல்யாணச் சேலைக்குக் கீழே, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அந்துருண்டை வைத்திருந்தாள்.

அவர் எறிந்ததை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 

பட்டறைத் தரையைக் கித்தேரி சுத்தமாகக் கூட்டி, பழைய சாக்குகளை விரித்து வைத்திருந்தாள். பாயை அதன்மேல் விரித்தார்கள். வெள்ளைத் துணி, இரட்டைத் தையல். மூலைகளில் மூன்று மடிப்பு வைத்து அடித்திருந்தாள். கித்தேரி குனிந்து தையலின்மேல் விரலை ஓட்டினாள்.

“ஒரு தையல்கூடப் பிசகல.”

“தையல்ல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அளவுதான்...” என்று இழுத்தார் இஞ்ஞாசி.

“இன்னொரு சாமான் வேணும். கயித்துக் கடையில போய் நாலு பாகம் கயிறு வாங்கிட்டு வாங்க.”

“என்னத்துக்கு?”

கவசம் இறங்கியது. கையில் வெல்டிங் துப்பாக்கிகூட இல்லை, ஆனாலும் இறங்கியது.

போனார். கயிற்றுக் கடைக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே கயிற்றை இழுத்தார். கல்லா மேசையின் விளிம்பில் இரண்டு பித்தளை ஆணிகள் அடித்திருந்தன. இந்த ஆணியிலிருந்து அந்த ஆணிவரை ஒன்று. கரிக்கட்டியால் ஒரு கோடு. இரண்டு. கோடு. மூன்று. கோடு. நாலு. வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார். இஞ்ஞாசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கித்தேரி கயிற்றின் ஒரு நுனியைப் பாயின் கீழ்மூலையில் வைத்தாள்.

“காலால மிதிச்சுக்கோங்க.”

அவர் மிதித்துக்கொண்டார். அவள் மறு நுனியை இழுத்துக்கொண்டு பாயின் ஓரமாகவே நடந்தாள். உச்சி மூலைக்கு வந்ததும் குனிந்து வைத்தாள்.

கயிறு முடிந்த இடத்தில் பாய் முடிந்தது. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு கயிற்றைத் தூக்கி மரத்தின் பக்கத்தில் போட்டாள். கப்பியில் தொடங்கி, அடியில் கொக்கி மாட்டும் அடையாளத்தைத் தாண்டிக் கயிறு போய்க்கொண்டே இருந்தது. தாண்டினதை இஞ்ஞாசி டேப்பால் அளந்தார்.

ரெண்டடி எட்டங்குலம்.

“அட! போன் பேசிக்கிட்டே கூட வெட்டிட்டான் போலிருக்கே” என்றார்.

கித்தேரி கவசத்தை மேலே தள்ளினாள்.

“அவருக்கும் அளவு தெரியலையோ?”

இஞ்ஞாசி கயிற்றையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். 

கயிற்றைக் கையில் எடுத்தார். நுனியை இடது கை விரல்களில் பிடித்தார். வலது கையை விரித்தார். முதல் கரிக்கோடு விரலுக்கு எட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். தோள் வலிக்க விரித்தார். அப்போதும் எட்டவில்லை. கோடு அந்தப் பக்கம் தள்ளி நின்றது.

கித்தேரி டேப்பை வைத்துப் பார்த்தாள்.

“எட்டங்குலம்” என்றாள்.

“எட்டு” என்றார் அவர். “ஒரு பாகத்துக்கு எட்டு. நாலெட்டு முப்பத்திரெண்டு.”

அதை அடியாக்கி அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினைந்து மாதமாக மனப்பாடமாக இருந்த கணக்கு அது.

கடையில் பாகம் என்றால் ஆறடி. தார்ப்பாய்க் கடையிலும் ஆறடிதான். ஆணி அடித்து வைத்த அளவு, ஆளுக்கு ஆள் மாறாது. முப்பது வருடம் அந்த ஆறடியில்தான் பிலோமி தார்ப்பாய் அளந்தாள்.

இஞ்ஞாசி விரித்த கையை இறக்க மறந்து நின்றார்.

ஒரு காலை நேரம். அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறார். பிலோமி வாசற்படியில் நிற்கிறாள். கழுத்தில் டேப் தொங்குகிறது. காதில் சாக்பீஸ் துண்டு செருகியிருக்கிறது. ஒரு கேள்வி கேட்கிறாள். அவர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பதில் சொல்லிவிட்டுப் போகிறார்.

“கேட்டாம்மா” என்றார். “அவ கேட்டா.”

“என்னன்னு?”

“யாரு பாகம்னு கேட்டா. உங்க பாகமா, கடைப் பாகமான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?”

அவர் விரித்த கையை இறக்கினார். அவர் சொன்னது கித்தேரிக்கும் தெரியும். முதல் நாள் அவளிடமும் அதையேதான் சொன்னார்.

பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். பட்டறை வாசலில் ஆள் போகிறது வருகிறது என்று பார்க்கவில்லை, மறைக்கவில்லை, வாய்விட்டு அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழுததில்லை.

கித்தேரி கவசத்தைத் தலையிலிருந்து கழற்றினாள். அதைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கவசம் இல்லாமல் அவளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“அவ ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று கேட்டார். “நான்தான் அப்பவே கேட்டேனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அப்படி ஏசும்போது ஏன் வாயைத் திறக்கல?”

“கரையில எத்தனை பேரு நின்னாங்க?”

“இருபது பேரு இருக்கும்.”



இஞ்ஞாசி பாயின் ஓரத்தைக் கையில் எடுத்தார். முகத்தில் வைத்துக்கொண்டார். அந்துருண்டை வாசம் அடித்தது.  எதிரே ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். புதுத் துண்டின்மேல் தான் போட்டிருந்த பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

கித்தேரி ரம்பத்தை எடுத்து நீட்டினாள்.

“எங்க அறுக்கணும் அண்ணாச்சி?”

“மரம் நாலு பாகம் வரணும்.”

“யாரு பாகம்?”

“பிலோமி பாகம்.”